வாசகர் கேள்வி – பதில்: படத்தில் பார்த்த வீடு இது இல்லையே!

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். வெளிநாட்டுப் பயணத்தில் வாடகைக்கு எடுத்த வீடு ஏமாற்றிவிட்டது என்கிறார்கள். இந்தப் பகுதியை எழுத வருவதற்கு முன் நான் விடுமுறை வீடுகளுக்கான முன்பதிவு அலுவலகம் ஒன்றில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவள். எந்தப் புகாருக்குப் பணம் திரும்பும், எது கிடப்பில் போகும் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் இந்த இதழை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: குடும்பத்தோடு ஒரு கடற்கரை நகரத்தில் ஒரு வாரம் தங்க, ஆப் வழியாக வீடு எடுத்தோம். இரண்டு படுக்கையறை, பால்கனி, வாஷிங் மெஷின் என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் இரண்டாவது படுக்கையறை என்பது ஹாலில் திரை கட்டி, பின்னால் மடக்குக் கட்டில் போட்ட இடம். குளியலறைக் கூரை முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. வாஷிங் மெஷின் ஓடவே இல்லை. என் மாமியாருக்கு மூச்சுத் தொந்தரவு உண்டு, இரவெல்லாம் இருமினார். வீட்டுக்காரருக்குப் போன் செய்தோம். "நாளைக்கு ஆள் அனுப்புகிறேன்" என்றார், யாரும் வரவில்லை. வந்த இடத்தில் சண்டை எதற்கு என்று கணவர் சொல்லிவிட்டார். வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டு, திரும்பி வந்த பிறகுதான் தளத்துக்கு எழுதினோம். "தங்கியிருந்தபோது நீங்கள் எதுவும் சொல்லவில்லையே" என்று ஒரு சின்ன கூப்பனைக் கொடுத்து முடித்துவிட்டார்கள். இது நியாயமா? இனி ஏதாவது செய்ய முடியுமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: நியாயம் இல்லை, சகோதரி. திரைக்குப் பின்னால் இருப்பது படுக்கையறை ஆகாது. மூச்சுத் தொந்தரவு உள்ள பெரியவரைப் பூஞ்சை பிடித்த வீட்டில் தங்கவைத்தது அதைவிட மோசம். உங்கள் கோபம் சரியான கோபம்.

ஆனால் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் என்ன இருக்கும் என்று பாருங்கள். உங்கள் புக்கிங், விளம்பரப் பக்கம், ஆப்பில் நடந்த மெசேஜ்கள், இவ்வளவுதான். நீங்கள் போனில் பேசியது அந்தத் திரையில் தெரியாது. மாமியார் இருமியதும் தெரியாது. ஏழு நாள் அமைதியாகத் தங்கிப் போன விருந்தினர், எட்டாவது நாள் பணம் கேட்கிறார் என்றுதான் தெரியும். அந்த இடத்தில் இருப்பவர் நல்ல மனிதராகவே இருந்தாலும் அவர் கை கட்டப்பட்டிருக்கும்.

இதில் காலக் கணக்கு ஒன்று உண்டு. ஏர்பிஎன்பி (Airbnb) என்ற வாடகை வீட்டுத் தளத்தை எடுத்துக்கொண்டால், பிரச்சினையைக் கண்ட 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. 2022-க்கு முன்பு அது வெறும் 24 மணி நேரமாக இருந்தது. இன்னொரு பக்கம், வீட்டுக்காரருக்குப் போக வேண்டிய பணத்தைப் பொதுவாக நீங்கள் உள்ளே போன நாளுக்கு அடுத்த நாளே விடுவித்துவிடுகிறார்கள். 72 மணி நேரம் இருக்கிறதே என்று மூன்றாம் நாள் வரை காத்திருக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பணம் இன்னும் தளத்தின் கையில் இருக்கும்போது கேட்பதும், வீட்டுக்காரர் கைக்குப் போன பிறகு கேட்பதும் ஒன்றல்ல. மற்ற தளங்களுக்கு அவரவர் கெடு உண்டு. புக் செய்யும் அன்றே அந்தக் கெடுவைச் சொல்லும் விதிப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வீட்டு விளம்பரப் பக்கத்தையும் முழுசாக எடுத்து வையுங்கள். புகார் போன பிறகு "2 படுக்கையறை" சத்தமில்லாமல் "1 படுக்கையறை, 1 சோபா கட்டில்" என்று மாறிவிடுவது உண்டு.

அடுத்த முறை (அப்படி ஒரு முறை வரக்கூடாது, வந்தால்) வாசலைத் தாண்டியதும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். போனில் வீடியோவை ஓடவிட்டு ஒவ்வொரு அறையாக நடங்கள். குழாயைத் திறந்து பாருங்கள், மெஷினை ஓட்டிப் பாருங்கள், மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். குறை இருந்தால் வீட்டுக்காரருக்கு ஆப்பிலேயே எழுதுங்கள். போனில் பேசினாலும் பேசி முடித்ததும், "இப்போது போனில் இப்படிச் சொன்னீர்கள், நாளைக் காலை 10 மணிக்கு ஆள் வருவார் என்றீர்கள்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அவர் "ஆமாம்" என்று பதில் போட்டால் அதைவிடச் சாட்சி வேறு வேண்டாம்.

எப்படி எழுதுவது? நான் படித்த புகார்களில் பலிக்காமல் போனவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை இருந்தது. "வாழ்க்கையிலேயே இப்படி ஒரு அனுபவம் பார்த்ததில்லை, எங்கள் விடுமுறையே பாழாகிவிட்டது, நீங்கள் எல்லாம் மனிதர்களா" என்று இரண்டு பக்கம் போகும். படிக்கும்போது மனசு கஷ்டப்படும். ஆனால் எந்த அறையில் என்ன குறை என்று கடைசி வரை இருக்காது. பலித்தவை இப்படி இருந்தன:

"இன்று மாலை 4.20-க்கு வந்தோம். விளம்பரத்தில் 2 படுக்கையறை. இங்கே 1 தான் இருக்கிறது. இரண்டாவது, திரை போட்ட ஹால் (படம் 1, 2). குளியலறைக் கூரையில் பூஞ்சை (படம் 3). வாஷிங் மெஷின் இயங்கவில்லை (வீடியோ). எங்களோடு மூச்சுப் பிரச்சினை உள்ள பெரியவர் இருக்கிறார். இன்று இரவு 8 மணிக்குள் இதே அளவில் வேறு வீடு தாருங்கள், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். நாங்கள் கிளம்பத் தயார்."

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும். "ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்று எழுதினால் கூப்பன்தான் வரும். வாக்கியங்களைச் சின்னதாக வையுங்கள். வீட்டுக்காரர் வேறு மொழிக்காரராக இருந்தால் மொழிபெயர்ப்புக் கருவி நீள வாக்கியங்களைக் குழப்பிவிடும். அவரிடமிருந்து உருப்படியான பதில் வராவிட்டால் அன்றிரவே தளத்தின் உதவிப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முதலில் வீட்டுக்காரரிடம் கேட்டீர்களா என்று அவர்கள் கேட்பார்கள். அதற்குத்தான் அந்த முதல் மெசேஜ்.

இதில் ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்: கோபத்தில் கேன்சல் பொத்தானை நீங்களே அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் அது "விருந்தினர் விருப்பப்பட்டு ரத்து செய்தார்" என்று பதிவாகும். வீட்டுக்காரரின் ரத்து விதிப்படிதான் பணம் வரும். தங்க ஆரம்பித்த பிறகு அது பல வீடுகளில் பூஜ்யம். "இவர்கள் வெளியேறலாம், பணம் திரும்பும்" என்று தளம் எழுத்தில் சொன்ன பிறகு கிளம்புங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. அப்போது முதலில் கிளம்புங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

சரி, இப்போது உங்கள் கையில் என்ன இருக்கிறது? நிறைய இல்லை, ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரருக்குப் போன் செய்தது உங்கள் போனின் அழைப்புப் பட்டியலில் தேதி, நேரத்தோடு இருக்கும். அங்கே எடுத்த குடும்பப் படங்களைத் தேடுங்கள். யாராவது அந்தத் திரைக்கு முன்னால் நின்றிருப்பார்கள். படக் கோப்பில் எடுத்த நேரம் பதிவாகியிருக்கும். மாமியாரை அங்கே மருத்துவரிடம் காட்டியிருந்தால் அந்தச் சீட்டு. இவற்றை வைத்து, "முதல் நாளே வீட்டுக்காரரிடம் சொன்னோம், இதோ ஆதாரம்" என்று மறுபரிசீலனை கேளுங்கள். படுக்கையறை எண்ணிக்கையை மட்டும் முன்னால் வையுங்கள். பூஞ்சை எவ்வளவு என்று வாதாட இடம் உண்டு, ஒரு அறை இருக்கிறதா இல்லையா என்பதில் வாதாட இடம் கிடையாது.

அதுவும் மறுக்கப்பட்டால், கார்டில் பணம் கட்டியிருந்தால் உங்கள் வங்கியிடம் போகலாம். "சொன்னபடி சேவை இல்லை" என்ற காரணத்துக்காக விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பணத்தைத் திரும்பக் கோர வழி இருக்கிறது. பொதுவாகக் கெடு 120 நாள். ஆனால் வங்கிகள் தங்களுக்கென்று இன்னும் குறுகிய கெடு வைத்திருக்கலாம் என்பதால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். தளத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தைக் கேட்பார்கள். கொடுத்த கூப்பனை இதற்குள் பயன்படுத்திவிடாதீர்கள். ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கும்.

உங்கள் கணவரைக் குறை சொல்ல மாட்டேன். வந்த இடத்தில் நிம்மதி வேண்டும் என்று நினைப்பது தப்பில்லை. ஆனால் அந்த வாரம் நிம்மதியாகவா போனது? மாமியார் இருமும்போதெல்லாம் நீங்கள் விழித்துத்தானே இருந்திருப்பீர்கள். முதல் நாள் ஒரு மணி நேரத்தை இதற்குச் செலவிட்டிருந்தால், மீதி ஆறு நாளாவது நல்ல வீட்டில் கழிந்திருக்க வாய்ப்பிருந்தது.

கேள்வி: படத்தில் விசாலமாகத் தெரிந்த அறை நேரில் ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறை. "கடல் தெரியும்" என்றார்கள். பால்கனியின் மூலையில் எட்டிப் பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நீலமாக ஒரு கோடு. அதிகாலையில் குப்பை வண்டிச் சத்தம் வேறு. பணம் கேட்கலாமா?
– ஒரு வாசகர்

பதில்: கேட்கலாம், ஆனால் கிடைக்காது. சொன்ன சதுர அடி இருக்கிறதா, சொன்ன கட்டில் இருக்கிறதா, கடல் ஒரு கோடாகவாவது தெரிகிறதா? இருந்தால் அது உங்கள் ஏமாற்றம், அவர்கள் வாக்கு மீறல் ஆகாது. குப்பை வண்டி அந்த ஊருக்கே வருவது. இதற்குச் சரியான இடம் ரிவ்யூ. "கடல், பால்கனியின் இடது மூலையில் நின்றால் மட்டும் தெரியும், தெருப் பக்க அறையில் காலையில் சத்தம்" என்று எழுதுங்கள். அடுத்து வருபவர் உங்களை வாழ்த்துவார். ஏர்பிஎன்பியில் ரிவ்யூ எழுத வீட்டைக் காலி செய்த நாளிலிருந்து 14 நாள்தான் உண்டு. இரு தரப்பும் எழுதும் வரை, அல்லது அந்த 14 நாள் முடியும் வரை, எதிராளி எழுதியது யாருக்கும் தெரியாது. ஆகவே பயப்படாமல் உள்ளதை எழுதலாம். "பணம் தராவிட்டால் மோசமாக எழுதுவேன்" என்று மட்டும் மெசேஜ் அனுப்பிவிடாதீர்கள். அது விதிமீறல், உங்கள் ரிவ்யூவையே தூக்கிவிடுவார்கள்.

அறைப் படங்களைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். அகல லென்ஸில் எடுத்த படத்தில் ஓரத்தில் இருக்கும் வட்டமான பொருள் முட்டை வடிவத்தில் இழுபட்டிருக்கும்: சுவர்க் கடிகாரம், விளக்கு, தட்டு. அப்படித் தெரிந்தால் அறையை மனசுக்குள் கணிசமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே தரை தெரியும் படம் ஒன்றுகூட இல்லையென்றால், தரை இல்லை. ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று காட்டும் படம் இல்லையென்றால், காட்டும்படி ஒன்றும் இல்லை.

கேள்வி: பணம் முழுக்கக் கட்டிய பிறகு வீட்டுக்காரரிடமிருந்து மெசேஜ் வந்தது: "காவலாளி கேட்டால் என் நண்பர்கள் என்று சொல்லுங்கள். ஆப் பெயரைச் சொல்லாதீர்கள். சாவி பக்கத்துத் தெருவில் ஒரு பெட்டிக்குள் இருக்கும்." அடுத்த மாதம் பயணம். இது சாதாரணமா?
– முதல் முறை வெளிநாடு போகும் ஒரு வாசகி

பதில்: சாவிப் பெட்டி பல ஊர்களில் சாதாரணம். பொய் சொல்லச் சொல்வது சாதாரணம் கிடையாது. அந்தக் கட்டடத்திலோ அந்த ஊரிலோ குறுகிய கால வாடகைக்கு அனுமதி இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது.

ஊருக்கு ஊர் சட்டம் மாறுகிறது. சிங்கப்பூரில் தனியார் அடுக்குமாடி வீட்டை 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடவே கூடாது. அரசு வீடமைப்பு வாரிய வீடுகளுக்கு 6 மாதம். நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவான வாடகை என்றால் வீட்டுக்காரர் பதிவு செய்திருக்க வேண்டும், அவரும் அதே வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு விருந்தினருக்கு மேல் கூடாது. முழு வீடும் உங்களுக்கே என்று அங்கே யாராவது ஒரு வாரத்துக்குக் கொடுத்தால் யோசியுங்கள். ஜப்பானில் 2018 ஜூனில் வந்த சட்டப்படி வீடுகளைப் பதிவு செய்ய வேண்டும், வருடத்துக்கு 180 நாள்தான் விடலாம். அந்தச் சட்டம் அமலுக்கு வந்த சமயத்தில் பதிவில்லாத வீடுகள் தளத்திலிருந்து மொத்தமாக நீக்கப்பட்டு, பயணிகளின் முன்பதிவுகள் கடைசி நேரத்தில் ரத்தாகின. பாரிஸில் விளம்பரத்திலேயே பதிவு எண் இருக்க வேண்டும். பார்சிலோனா நகரமோ 2028 நவம்பருக்குள் சுற்றுலா அடுக்குமாடி வீடுகளுக்கான உரிமங்களையே முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்திருக்கிறது.

அபராதம் பெரும்பாலும் வீட்டுக்காரருக்குத்தான் போகும். ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பெட்டியோடு தெருவில் நிற்கப்போவது நீங்கள். அதுவும் முதல் பயணத்தில். எனக்குக் கவலையாக இருக்கிறது, அதனால் உறுதியாகவே சொல்கிறேன்: அந்த வீட்டுக்குப் போகாதீர்கள். அந்த மெசேஜைப் படம் எடுத்து இன்றைக்கே தளத்துக்கு அனுப்பி, "பொய் சொல்லச் சொல்கிறார், பதிவு எண் கேட்டால் தரவில்லை" என்று அபராதமில்லாத ரத்து கேளுங்கள். அதற்கு முன், வீட்டுக்காரரிடம் பதிவு எண்ணை ஆப்பில் கேட்டுவிடுங்கள். பதில் தராமல் இருப்பதும் ஒரு பதில்தான். "ஆப்பை விடுங்கள், நேரடியாகப் பணம் அனுப்புங்கள், குறைத்துத் தருகிறேன்" என்று அவர் பேச்சை மாற்றினால் அங்கேயே நிறுத்துங்கள். தளத்துக்கு வெளியே போன பணத்துக்கு எந்தத் தளமும் பொறுப்பேற்காது.

கேள்வி: வாடகை வீட்டில் வெந்நீருக்கு கேஸ் ஹீட்டர் குளியலறைக்குள்ளேயே இருந்தது. மனைவிக்கும் எனக்கும் காலையில் தலைவலி, குமட்டல். வெளியே சுற்றும்போது சரியாகிவிடும். பயணக் களைப்பு என்று விட்டுவிட்டோம். இது புகார் செய்யும் விஷயமா?
– ஒரு வாசகர்

பதில்: ஐயா, பத்திரமாகத் திரும்பி வந்தீர்களே, முதலில் அதற்காகச் சந்தோஷப்படுகிறேன். வீட்டுக்குள் தலைவலி, வெளியே வந்தால் சரியாவது, ஒரே வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு ஒரே மாதிரி இருப்பது, இவை கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைச் சந்தேகிக்க வேண்டிய அறிகுறிகள். நிறம் இல்லை, வாசனை இல்லை. கேஸ் சரியாக எரியாமல், காற்று வெளியே போகவும் வழியில்லாமல் இருந்தால் அது சேர்ந்துகொண்டே போகும். 2022 அக்டோபரில் மெக்சிகோ சிட்டியில் வாடகை வீடு ஒன்றில் தங்கிய மூன்று அமெரிக்கப் பயணிகள் இப்படித்தான் இறந்துபோனார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் படம் எடுப்பது, மெசேஜ் எழுதுவது எல்லாம் அப்புறம். ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் எழுப்பி வெளியே வாருங்கள். அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் முழுக்க 112. மருத்துவரிடம் "கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம்" என்று நீங்களே சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நீங்கள் திரும்பிவிட்டாலும் தளத்துக்கு இப்போதே எழுதுங்கள். பணம் வருமா என்பதை விடுங்கள், இன்றிரவு அந்த வீட்டில் வேறு யாரோ தூங்குகிறார்கள். இனிப் போகும்போது பேட்டரியில் ஓடும், கையடக்கமான கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டைக் காலி செய்து வந்து ஒரு வாரம் கழித்து, மேஜைக் கண்ணாடியை உடைத்துவிட்டோம் என்று வீட்டுக்காரர் பணம் கேட்கிறார். நாங்கள் தொடவே இல்லை. குறைந்த ரேட்டிங் கொடுத்ததற்குப் பழிவாங்குகிறாரோ?
– ஒரு வாசகி

பதில்: அவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஆராய வேண்டாம், நேரம் அதற்கில்லை. ஏர்பிஎன்பியில் வீட்டுக்காரர் சேதத்துக்குப் பணம் கேட்க, காலி செய்த நாளிலிருந்து 14 நாள் அவகாசம் உண்டு. கோரிக்கை உங்களுக்கு வந்தால் பதில் சொல்ல உங்களுக்குக் கிடைப்பது 24 மணி நேரம்தான். பேசாமல் இருந்தால் விஷயம் தளத்தின் முடிவுக்குப் போய்விடும், உங்கள் தரப்பு அதில் இருக்காது. "மறுக்கிறேன்" என்று உடனே எழுதிவிட்டு, கிளம்பும் அன்று எடுத்த படங்களைத் தேடுங்கள். இல்லையென்றால், அவரிடம் மூன்று கேளுங்கள்: சேதப் படத்தின் அசல் கோப்பு, உங்களுக்கு முன்பு எடுத்த படம், உங்களுக்குப் பிறகு அங்கே வந்து தங்கியவர் எப்போது வந்தார் என்ற விவரம்.

அவர் ஒன்றுக்கு மேல் படம் அனுப்பினால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025-ல் கார்டியன் நாளிதழில் வந்த செய்தி ஒன்றில், நியூயார்க் வீடு ஒன்றுக்காகப் பெரிய தொகை கேட்கப்பட்ட லண்டன் பெண் இதைத்தான் செய்தார். ஒரே மேஜையின் விரிசல் இரண்டு படங்களில் இரண்டு விதமாக இருந்தது. முதலில் அவருக்கு எதிராக முடிவு சொன்ன தளம், பிறகு மன்னிப்புக் கேட்டுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது.

உங்கள் 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று கடிதத்தில் எழுதவில்லை. இந்தப் பதில் அச்சாகி வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால், இதன் சுருக்கத்தை நீங்கள் கொடுத்த மின்னஞ்சலுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டு ஒரு வரி போடுங்கள்.